வரும் நீரும் வடியும் நீரும்: தஞ்சைத் தரணியின் பூகோளமும் பருவமும்

காவிரியைப் பற்றி நம் நாட்டில் பேசப்பட்டவையும் எழுதப்பட்டவையும் ஏராளம். ஆயினும் அவற்றுள் மிகப் பெரும்பகுதி நீர் வருவதைப் பற்றியதே. வந்த நீர் எவ்வழியாக, எத்தனை நாளில், எந்தத் தடைகளைத் தாண்டிச் சமுத்திரத்தை அடைகிறது என்னும் விஷயத்தை எடுத்துப் பேசியவர் மிகச் சிலர். தஞ்சைத் தரணியின் நில அமைப்பையும் சீதோஷ்ண நிலையையும் சிறிது நிதானமாக ஆராய்ந்து பார்ப்பவர்க்கு, இந்நாட்டின் சுபிட்சம் நீர் வரவை எவ்வளவு சார்ந்ததோ அவ்வளவுக்கு நீர் வடிவையும் சார்ந்தது என்பது பிரத்தியட்சமாகத் தெரியவரும். அந்த உண்மையை மண்ணின் அமைப்பிலிருந்தும் மழையின் போக்கிலிருந்தும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், 2020இல் நாகையிலிருந்து மயிலாடுதுறையும் பிரிந்து, இன்று அது நான்கு மாவட்டங்களாக நிற்கிறது; நடுவே காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. பூகோள ரீதியாகப் பார்த்தால் இவையனைத்தும் ஒரே பிரதேசம். வட அட்சரேகை பத்துப் பாகைக்கும் பதினொன்றரைப் பாகைக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளிக்கு வடக்கே கொள்ளிடம், கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. மேற்கே மட்டும் திருச்சிச் சீமையோடும் வல்லத்து மேட்டோடும் தரைத் தொடர்பு. மூன்று பக்கம் நீர் சூழ்ந்ததோடு நில்லாமல், உள்ளேயும் இது காவிரியின் கிளைகளால் நீண்டு குறுகிய துண்டுகளாகப் பிளவுண்டு கிடக்கிறது. பூகோள நூலார் இதனைத் தீவு என்று வகைப்படுத்த மாட்டார்கள். எனினும் ஐப்பசி, கார்த்திகையில் ஏதேனும் ஓர் ஆறு உடைத்துக்கொண்டால், இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட ஊர்கள் ஒவ்வொன்றும் சில நாட்களுக்குத் தீவாகவே வாழ்கின்றன என்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

பூகோள நூலாரும் தீவென்று ஒப்புக்கொள்ளும் நிலம் ஒன்று இந்தப் பிரதேசத்தின் தலைவாசலில் இருக்கிறது. குடகு நாட்டின் பிரம்மகிரியில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,340 மீட்டர் உயரத்தில் உற்பத்தியாகி, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடிச் சமுத்திரத்தில் சேரும் காவிரி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, வடகிளை கொள்ளிடமாகவும் தென்கிளை காவிரியாகவும் ஸ்ரீரங்கத்தை அணைத்துச் சென்று, கல்லணைக்கருகே மறுபடியும் ஒன்றையொன்று தொட்டுவிடும் அளவுக்கு நெருங்குகிறது. இந்த இரு கிளைகளும் ஒரே மட்டத்தில் ஓடுபவை அல்ல. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அதன் பாதை நேரானது. கடலுக்குச் செல்லும் தூரமும் குறைவு. எனவே நதியின் சுபாவமான நாட்டம் எப்போதும் கொள்ளிடத்தை நோக்கியே இருக்கும். தடுப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் காவிரிக் கிளை நாளடைவில் மணலேறித் தூர்ந்துபோய், தஞ்சை நாடு வறண்டுவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அபாயம் மெய்யாகவே நெருங்கிவந்தது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, பிரவாகத்தின் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போய் வீணாகிக்கொண்டிருந்த காலத்தில், ஆர்தர் காட்டன் என்னும் இன்ஜினீயர் 1836இல் தொடங்கிக் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் எழுப்பினார். மேலணை கட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே நிலைமை தலைகீழாயிற்று: கொள்ளிடம் மணலேற, காவிரி ஆழமாகிக்கொண்டே போக, தாங்கமாட்டாத அளவுக்கு வெள்ளம் காவிரிக்குள் திரும்பியது. பிறகு அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தியும், காவிரியின் தலைப்பில் அடிச்சுவர் எழுப்பியும் அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மணலில் ஓடும் நதியை ஓரிடத்தில் தொட்டால் அதன் விளைவு ஒன்பது இடங்களில் தெரியும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டு 22ஆம் தேதி, வெள்ளம் பெருகி ஓடிக்கொண்டிருந்த வேளையில், அதே முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டபோது, நதி தன் பழைய நாட்டத்தை இன்னும் மறக்கவில்லை என்பதை நாம் மீண்டும் கண்டோம்.

கல்லணையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கரிகாற் சோழனுடைய பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்லாத தமிழ்ப் பிள்ளை இல்லை. பூகோள மாணவன் கவனிக்க வேண்டிய அம்சம் வேறொன்று. ஏறத்தாழ 329 மீட்டர் நீளமுள்ள அந்தப் பழைய அணை, பாறை அஸ்திவாரம் தேடி எழுப்பப்பட்டதன்று. ஆற்று மணலிலேயே பெருங்கற்களை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை இட்டு, மணல் தாங்கும் நிலை வரும்வரை பொறுத்திருந்து நிறுத்தியது. நேர்கோடாக இல்லாமல் வளைந்து செல்வதும் நீரின் வேகத்தை அறிந்து செய்த ஏற்பாடே. காட்டன் இந்த வேலையைக் கண்டு கற்றுக்கொண்டதைப் பின்னர் கோதாவரியில் தௌலேஸ்வரத்தில் பிரயோகித்தார். இன்று கல்லணையில் நீர் நான்கு வழியாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, 1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், மிகுதி வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடும் உள்ளாறு.

இவ்விடத்திலிருந்து கிழக்கே நதி ஒன்றல்ல, பல. குடமுருட்டி, அரசலாறு, திருமலைராயனாறு, முடிகொண்டான், வீரசோழன், மஞ்சளாறு என்று காவிரியின் கிளைகள் ஒருபுறம். வெட்டாறு, வடவாறு, நீடாமங்கலத்துக்கருகே மூணாறு தலைப்பில் பிரியும் கோரையாறு, பாமணியாறு, இன்னும் கீழே வெள்ளையாறு, பாண்டவையாறு, ஓடம்போக்கி, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு என்று வெண்ணாற்றின் கிளைகள் மறுபுறம். மற்ற நாடுகளில் சிற்றாறுகள் வந்து கூடிப் பேராறு ஆகும். இங்கே பேராறு பிரிந்து பிரிந்து வாய்க்கால்களாகி வயலுக்குள் மறைகிறது. குடகிலிருந்து புறப்பட்ட அந்த மகாநதி பூம்புகாரில் கடலைச் சேரும் இடத்தை முதன்முறை பார்ப்பவர்கள், இதுவா காவிரி என்று ஏமாற்றமடைவதுண்டு. ஏமாறுவதற்கு ஒன்றுமில்லை, கடலுக்கு ஏதும் மிச்சம் வைக்காமல் வழி நெடுகக் கொடுத்துவிட்டு வந்த ஆறு அது.

இந்த ஆறுகளின் குறுக்கு வெட்டைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். கும்பகோணத்துக்கோ திருவையாற்றுக்கோ பக்கத்தில் ஏதேனும் ஓர் ஆற்றங்கரையில் ஏறி நின்று, ஆற்றுக்கு முதுகைக் காட்டி வயலை நோக்கினால், கண்ணுக்கு முதலில் படுவது நாம் நிற்கும் இடத்தின் உயரம். கரையை ஒட்டிய படுகையில் வாழையும் மூங்கிலும் தென்னையும். அதை அடுத்துக் கரையோடு கரையாக நீண்டு செல்லும் சாலையும் தெருக்களும் கோயிலும். அதற்கப்பால் படிப்படியாக இறங்கும் நன்செய். எல்லாவற்றுக்கும் கடைசியில், அடுத்த ஆற்றின் கரை மீண்டும் உயரத் தொடங்குவதற்கு முன், இரண்டு ஆற்றுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் பள்ளத்தில் ஒரு வடிகால். கோடையில் வற்றிய ஆற்றில் இறங்கி மணலில் நின்று பார்த்தால், பல இடங்களில் மணல்மட்டம் அப்பாலுள்ள வயலின் மட்டத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருப்பதைக் காணலாம். வெள்ளம் கரை மீறும்போதெல்லாம் கனத்த மணலும் வண்டலும் கரையருகிலேயே தங்கிவிட, மென்மையான களிமட்டும் நீரோடு பள்ளத்துக்குச் சென்று படிந்ததால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஆறு தன்னையே உயர்த்திக்கொண்டது. அதற்குமேல் மனிதர்கள் கரையை உயர்த்தினார்கள். கரை உயர உயரப் படுகையும் உயர்ந்தது.

தஞ்சை நாட்டின் பாக்கியமும் கஷ்டமும் இந்த ஓர் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. ஆறு உயரத்திலும் வயல் பள்ளத்திலும் இருப்பதால், ஏற்றமும் கவலையும் இல்லாமல் ஒரு மதகைத் திறந்தால் போதும், தண்ணீர் தானே வயலுக்கு இறங்கிவிடும். தமிழ்நாட்டின் மேட்டு நிலத்து விவசாயி கிணற்றோடு படும் பாட்டை இந்த நாட்டு மிராசுதார் தலைமுறை தலைமுறையாக அறிந்ததில்லை. ஆனால் அதே காரணத்தால், வயலுக்கு ஒருமுறை இறங்கிய நீர் மீண்டும் ஆற்றுக்கு ஏற முடியாது. அது நடுப்பள்ளத்து வடிகால் வழியாகவே கடல்வரை செல்ல வேண்டும். வடிகால் அடைபட்டால் அங்கேயே நிற்க வேண்டும். கரை உடைத்துக்கொண்டாலோ, ஆற்று நீர் முழுவதும் உயரத்திலிருந்து பள்ளத்தில் பாயும்.

சரிவும் மிக அற்பமானது. தஞ்சை நகரம் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு உட்பட்ட உயரத்திலும், கும்பகோணம் ஏறத்தாழ 25 மீட்டரிலும் இருக்க, நாகப்பட்டினம் பத்து மீட்டரையும் எட்டாது. தலைமடையில் ஓரளவு சரிவு இருப்பதால் நீர் ஓடுகிறது. திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் நிலம் ஏறக்குறையத் தட்டை. நீர் நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. மண்ணும் அதற்கேற்ப மாறுகிறது. மேற்கே வண்டல் கலந்த இளக்கமான மண். கிழக்கே போகப்போகக் கரிய களி. அந்தக் களி மாசி, பங்குனியில் பாளம் பாளமாக வெடித்து, ஒரு முழக்கோலை விட்டால் உள்ளே போய்விடும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். முதல் நீரின் பெரும்பங்கை அந்த வெடிப்புகளே குடித்துவிடும். நிலத்தடி நீரும் இருவகை. தலைமடையில் மணல் அடுக்குகளில் நல்ல நீர் கிடைப்பதால் பம்புசெட்டு வைத்திருப்பவர் மேட்டூர் திறக்காத ஆண்டிலும் குறுவை வைக்கிறார். கடலோரத்திலோ நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. ஆற்று நீர் வராத ஆண்டில் அங்கே வேறு கதி இல்லை. கடைமடைக்காரர் தண்ணீருக்காகப் போராடும்போது அதைப் பேராசை என்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மனத்தில் வைக்க வேண்டும்.

தெற்கிலும் தென்மேற்கிலும் நிலம் வேறு ஜாதி. வல்லத்துச் செம்பூராங்கல் மேடு நதி படைத்ததன்று. அதனினும் மிகப் பழையது. அங்கே அகப்பட்ட படிகக் கற்களைச் சாணை பிடித்து மூக்குக்கண்ணாடி செய்யும் தொழில் ஒரு காலத்தில் தஞ்சைக்குப் பேர் வாங்கித் தந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் செம்மண்ணும் மணலும் ஏரிகளை நம்பியிருந்த மானாவாரி நிலம். மேட்டூர்த் திட்டம் அங்கே புதிதாகப் பாசனம் தர நிச்சயித்தது ஏறத்தாழ மூன்று லட்சம் ஏக்கர். புது டெல்டா என்று இப்போது வழங்கும் அந்தப் பகுதி நெல்லோடு நிற்காமல் தென்னந்தோப்பாக வளர்ந்தது அந்த மண்ணின் குணத்தால்தான்.

கடற்கரை இன்னும் விசேஷமானது. கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து ஏறக்குறைய நேர் தெற்காக வரும் கரை, கோடியக்கரையில் சட்டென்று செங்கோணமாகத் திரும்பி மேற்கே செல்கிறது. அந்த முனையில் அலையும் காற்றும் குவித்த மணல்மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ராமர் பாதம் என்று வணங்கப்படும் இடம் அவற்றுள் உயர்ந்தது. ஒவ்வொரு வரிசையும் ஒரு காலத்தில் கடல் தொட்டுக்கொண்டிருந்த கரை. மணலில் விழுந்த மழைநீர் கீழே உள்ள உப்புநீரைவிட இலேசானதால் அதன்மேல் மிதந்து தங்குகிறது. வேதாரண்யத்துக்காரர்கள் மணலில் குட்டை தோண்டி அந்த நன்னீரை மொண்டு முல்லையும் மாவும் புகையிலையும் வளர்க்கிறார்கள். ஒரு மைல் தள்ளி உப்பளம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த இடம். 1967இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரைக் காட்டில் வெளிமானும், அதையடுத்த சதுப்பில் பனிக்காலத்துப் பூநாரையும் உண்டு. மேற்கே முத்துப்பேட்டையில், கோரையாறும் பாமணியாறும் இன்னும் சில ஆறுகளும் வந்து கலக்கும் காயலைச் சுற்றி அலையாத்திக் காடு.

இனிப் பருவத்தைப் பார்ப்போம். உஷ்ணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சித்திரை, வைகாசியில் வெப்பம் 37, 38 பாகை வரை ஏறி, அக்கினி நட்சத்திரத்தில் சில நாள் நாற்பதையும் தொடும். தை மாத விடியலில் இருபதையொட்டி இறங்கும். கடலோரத்தில் பிற்பகல் காற்று அந்த வெம்மையைத் தணிக்கிறது. இந்த நாட்டின் வாழ்வை நிர்ணயிப்பது உஷ்ணமன்று, மழை.

அந்த மழையில் ஒரு விசித்திரம் உண்டு. பாரதத்தின் பெரும்பகுதி ஆனி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறுகிறது. அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பாகமண்டலத்தைச் சூழ்ந்த மலைகளில் ஆண்டு மழை ஐயாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதே காற்று வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. தஞ்சைக்கு அது தருவது ஆடி, ஆவணி மாலைகளில் வரும் சில இடிமழைகளையே. ஆனால் மலையில் விழுந்த அந்த மழை காற்றாக வராவிட்டாலும் ஆறாக வந்து சேருகிறது. வானம் வெளுத்திருக்கும் ஆடி மாதத்தில் கரைபுரளும் நதியைப் பதினெட்டாம் பெருக்கில் நம் பெண்கள் பூஜிப்பது, குடகில் பெய்த மழைக்கு இங்கே செலுத்தும் வந்தனம்.

ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக் கடலைக் கடந்து வரும் அது, நெடுந்தூரம் நீரின்மேல் வந்ததால் ஈரம் நிறைந்து, காற்றழுத்தத் தாழ்வுகளின் துணையோடு நம் கரையில் மழையாகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகைக் கனமழை என்று வழங்கும் இந்த மழை தஞ்சையின் உட்பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேலும், நாகைக் கரைக்கு மூன்றில் இரண்டு பங்கு அளவும் தருகிறது. உள்ளே ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டியிருக்க, கடற்கரையில் 1,300 மில்லிமீட்டரை எட்டுகிறது. ஆக, நிலம் எங்கே மிகத் தாழ்ந்து தட்டையாக இருக்கிறதோ, மண் எங்கே நீரை உறிஞ்சாத களியாக இருக்கிறதோ, அங்கேதான் மழை மிக அதிகம். அதுவும் இரண்டு மூன்று மாதத்துக்குள். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் கடைமடையின் நிலைமை புரியும்.

ஒரே பருவக்காற்று வேறு மண்ணில் என்ன செய்கிறது என்பதை அறியப் பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். அங்கும் மழை வடகிழக்குப் பருவத்தில்தான். அளவும் நமது கரையோரத்து அளவுக்கு ஏறக்குறையச் சமம். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆறென்று சொல்லத்தக்கது மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றே. விழுந்த மழை கல்லின் வெடிப்புகளில் இறங்கிக் கிணற்றில் தங்க, அந்த மக்கள் துலா மிதித்து இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவித்து, நெல்லை வானம் பார்த்து விதைத்தார்கள். அவர்களுடைய கவலை மழைநீரை எப்படித் தேக்கி வைப்பது என்பது. நம்முடையது எப்படி வெளியேற்றுவது என்பது.

தஞ்சை விவசாயியின் பஞ்சாங்கம் இந்த இரண்டு பருவங்களையும் பிணைத்துச் செய்யப்பட்டது. ஆனியில் குடகு நீரை நம்பி விதைக்கும் குறுவை, நூற்றுப் பத்து நாள் அளவில் புரட்டாசிக்குள் அறுப்புக்கு வரும். ஆவணியில் தொடங்கும் நீண்டகாலச் சம்பா, வேர் ஊன்றும்வரை ஆற்று நீரிலும், பின்னர் ஐப்பசி மழையிலும் வளர்ந்து, தையில் அறுவடையாகும். குறுவை அறுத்த வயலில் நடுவது தாளடி. அறுப்புக்கு ஏழெட்டு நாள் இருக்கையில், வயலில் மெழுகுபோன்ற ஈரம் இருக்கும் பதம் பார்த்து, நிற்கும் கதிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் விசிறிவிடுவார்கள். நெல் அறுத்தபின் தாளுக்கு இடையில் இரண்டு இலை விட்டு நிற்கும் அந்தச் செடி, அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீரும் பாய்ச்சாமல், களிமண் பிடித்துவைத்த ஈரத்திலும் இரவில் இறங்கும் பனியிலும் அறுபத்தைந்து எழுபது நாளில் காய்த்துவிடுகிறது. அந்த ஈரப்பதம் ஒரு விரற்கடை மிஞ்சினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. எந்தச் சர்வகலாசாலையும் போதிப்பதற்கு முன்பே இங்கே வயலில் கற்ற வித்தை இது.

இந்தப் பஞ்சாங்கத்தின் சாவி மேட்டூரில் இருக்கிறது. 1924 ஜூலையில் காவிரிக் கரை முழுவதையும் அலைக்கழித்த பெருவெள்ளத்துக்கு மறு ஆண்டு தொடங்கி 1934இல் முடிந்த அந்த அணை, 120 அடி உயரத்தில் 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்குவது; ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். கடைமடைக்கு அதற்கு மேலும் வாரம் பத்து நாள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் திறக்க முடியவில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023இல் குறித்த நாளில் திறந்தும், நீரின்றி அக்டோபர் 10இலேயே மூட நேர்ந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பும், எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இந்த வரவைப் பற்றியவையே. அவற்றின் முக்கியத்துவத்தைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை.

ஆனால் திறப்பு தாமதமாவதன் கெடுதி நீர்ப் பற்றாக்குறையோடு முடிவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் தள்ளி விதைத்த குறுவை ஐப்பசி மழையில் அகப்பட்டுக்கொள்ளும். அறுத்த நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் நிலையத்தின் பதினேழு சதவீத வரம்பைத் தாண்டிவிட, விவசாயி சாலையோரத்தில் நெல்லைக் கொட்டி, மழை வந்தால் மூடுவதும் வெயில் வந்தால் திறப்பதுமாக நாட்களைக் கழிப்பார். நடவு பிந்திய சம்பாவோ, வேர் பிடிக்குமுன் மூழ்கும். தை, மாசியில் மழையே இல்லை என்ற பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த பருவம் தப்பிய மழை முற்றிய கதிரைச் சாய்த்து வயலிலேயே முளைக்க வைத்தது. நீர் வரவு பிசகினால் அதன் தண்டனை நீர் வடிவில் வந்து விழுகிறது.

வடிகாலோ யாருடைய கவனத்திலும் இல்லாத பொருளாகிவிட்டது. வெண்ணாற்றுப் பகுதியில் பல ஆறுகள் மேலே பாசன வாய்க்காலாகவும் கீழே வடிகாலாகவும் இரட்டை வேலை செய்பவை. மேலே உள்ள வயல்களின் கழிவு நீர் முழுவதும் கடைமடையின் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். அந்த வடிகால்களில் இறங்கிப் பார்த்தால் ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல் மூடிக்கிடக்கிறது. கரையில் வேர் விட்ட நெய்வேலிக் காட்டாமணக்கு இரு பக்கமிருந்தும் நெருங்கிப் பாதி அகலத்தை விழுங்கிவிட்டது. முகத்துவாரத்தில் கடல் மணல் திட்டிட்டு அடைத்திருக்கிறது. அடைமழையின்போது கடலும் வடகிழக்குக் காற்றால் உந்தப்பட்டுக் கரையை நோக்கி ஏறி நிற்பதால், முகத்துவாரம் திறந்திருந்தாலும் நீர் மெல்லத்தான் இறங்கும். இத்தனையும் சேர்ந்தால், இரண்டு நாளில் வடிய வேண்டிய நீர் பத்து நாள் நிற்கிறது. நெற்பயிர் முழுவதும் மூழ்கிப் பத்து நாள் பிழைக்காது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு ஆகியவற்றையும், ஒரு காலத்தில் உப்பு ஏற்றிச் சென்ற வேதாரண்யம் கால்வாயையும் சீரமைக்க எடுத்த முயற்சி சரியான திசையில் வைத்த அடி. ஆனால் ஒருமுறை வாரிய வடிகால் சில ஆண்டுகளில் மீண்டும் தூர்ந்துவிடும். இது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய காரியம். ஊரார் கூடி வாய்க்கால் வெட்டிய குடிமராமத்தின் மர்மம் அதுதான்.

புயலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16: இந்தத் தேதிகளை நாகைக் கரையில் மறந்தவர் இல்லை. அவற்றுள் கடைசியாக, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நெல் அடுத்த ஆண்டு விளையும். தென்னை காய்ப்புக்கு வரப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இவற்றோடு, மெல்ல நடப்பதால் கண்ணில் படாத மாறுதல் ஒன்றும் உண்டு. கழிமுகம் என்பது நதி கொணரும் வண்டலால் வாழ்வது. மேட்டூரிலும் அதற்கு மேலுள்ள அணைகளிலும் வண்டல் தங்கிவிடுவதால், ஆற்று மணலையும் நாம் அள்ளிவிடுவதால், கடல் அரிப்பதை ஈடுசெய்யும் மண் கரைக்கு வந்து சேர்வதில்லை. தரங்கம்பாடியில் 1306ஆம் ஆண்டு மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. அது வண்டல் குறைவதற்கு முன்பே தொடங்கிய அரிப்பு என்றாலும், இனிவரும் அரிப்பைத் தடுக்க நதியின் துணை நமக்கு இல்லை. உலகெங்கும் கடல் மட்டம் உயர்ந்து வரும் காலத்தில், பத்து மீட்டரும் உயரமில்லாத ஒரு கரையோரத்துக்கு இது சாமானியமான விஷயமன்று. 2020இல் சட்டசபை இப்பிரதேசத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. நிலத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்காமல் காப்பதோடு, தேங்கும் நீரிலிருந்தும் உப்பிலிருந்தும் காப்பதும் அந்தப் பாதுகாப்பில் அடங்கியதாகக் கொள்ள வேண்டும்.

மேட்டூரின் நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி என்று பத்திரிகைகள் நாள்தோறும் அச்சிடுகின்றன. தஞ்சை ஜில்லாவில் பள்ளிக்கூடத்துப் பையனும் அந்தக் கணக்கை ஒப்பிப்பான். அதே போல ஆண்டுதோறும் புரட்டாசி முதல் தேதிக்குள், எந்தெந்த வடிகால் வாரப்பட்டது, எந்த முகத்துவாரம் திறந்திருக்கிறது, எது மணலால் அடைபட்டிருக்கிறது என்னும் விவரத்தை ஆற்றின் பெயர், ஊரின் பெயரோடு நீர்வளத்துறை வெளியிட வேண்டும். பத்திரிகைகள் அதை மேட்டூர்க் கணக்குக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். கடைமடைக் கிராமத்தார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஐப்பசி பிறக்குமுன் தங்கள் ஊர் வடிகாலைப் போய்ப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும்.